அத்தியாயம் 5: கம்பும் கட்டணமும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிலம்பம் கற்றுக்கொடுத்துக் குடும்பம் நடத்தலாம். அதற்குக் கம்பு நன்றாகச் சுற்றத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. களம் பார்ப்பது, கம்பு தேர்ந்தெடுப்பது, காலடியை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் பணம். கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை சொல்லித்தருகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனாலும் சிலம்பத்தை வைத்தே பேசுகிறேன். பணப் பேச்சு எடுத்தாலே தலையைக் குனிந்துகொள்வது நம் வாத்தியார்கள்தான்.

காசு கேட்கும் கூச்சம்

அந்தக் காலத்து வாத்தியார்களில் பெரும்பாலோர் மாதக் கட்டணம் வாங்கியதில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு, முடிந்த காணிக்கை, அவ்வளவுதான். பகலில் அவர்களுக்கு ஏரோ தறியோ வலையோ உளியோ இருந்தது; பொழுது சாய்ந்தபின் கோயில் திடலில் கம்பு. அவர்கள் அப்படிக் கொடுத்ததால்தான் கலை நம் கைக்கு வந்தது. அதே ஆட்களில் பலர் கடைசிக் காலத்தில் மருந்துக்குப் பணமில்லாமல் கிடந்ததையும், அவர்கள் பிள்ளைகள் கம்பைத் தொடவே மறுத்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். சொல்லிக்கொடுப்பவருக்குச் சோறு போடாத கலையை அடுத்த தலைமுறை எடுக்காது. பாட்டு டீச்சரும் பரதநாட்டிய டீச்சரும் கட்டணம் வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தத் தொழில் அங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம்.

கட்டணத்தைச் சேர்க்கை நாளிலேயே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், மழைக்காக வகுப்பு நின்றால் என்ன, பிள்ளை ஒரு மாதம் ஊருக்குப் போனால் என்ன என்று நாலைந்து வரி போதும். பணம் கையில் வந்தால் ரசீது கொடுங்கள். கைப்பேசி வழியாக வந்தால் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும் வகுப்பு வரவும் ஒரே கணக்கில் கலந்தால், மாதக் கடைசியில் நீங்கள் உழைத்தது எங்கே போனது என்று தெரியாது.

தேதி தாண்டிவிட்டால் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். “இந்த மாசம் ஃபீஸ் இன்னும் வரலைங்கம்மா. சிரமம்னா சொல்லுங்க, அடுத்த மாசம் சேர்த்துப் பாத்துக்கலாம்.” இவ்வளவு போதும். பிள்ளையிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். வரிசையில் நிற்கவைத்துப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது, அதன் தம்பியும் வரமாட்டான்.

கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்வது? இதை ஒவ்வொரு முறையும் மனம் இளகும்போது முடிவு செய்யாதீர்கள். பத்துப் பேருக்கு இரண்டு இடம் இலவசம் என்று முன்கூட்டியே வரையறை வைத்து, யார் அந்த இருவர் என்பது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இலவசம் என்று ஆரம்பித்த வகுப்புகள் ஒரு வருடத்தில் வாத்தியாரின் கடனோடு மூடப்படுகின்றன. அப்போது அந்த இருவருக்கும் சேர்த்து இடம் போய்விடுகிறது.

ஒரு மாதக் கணக்கு

ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 20 பிள்ளைகள், தலைக்கு 1,000 ரூபாய். செங்கல்பட்டு நகரில் 25 பேர், தலைக்கு 500. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் 20 பேர், தலைக்கு 200. தாளில் 36,500 ரூபாய் வருகிறது. கைக்கு வருவது ஐந்தில் நாலு பங்குதான். 29,000 என்று வையுங்கள். உதவிப் பயிற்சியாளருக்கு 6,000, பெட்ரோலுக்கு 4,000, இடவாடகை 2,000, கம்பு, முதலுதவிப் பெட்டி, தலைக்கவசம் வகையில் 2,000. மிஞ்சுவது 15,000. இதுவும் மழையில்லாத, பரீட்சையில்லாத நல்ல மாதத்துக் கணக்கு.

இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வருமானம் வராது. ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் சேரும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் திறந்தவெளி வகுப்பு டிசம்பர்வரை தள்ளாடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புறநகரில் தண்ணீர் நின்ற திடல்களில் பல நாள் கால் வைக்க முடியவில்லை. தையில் பொங்கல் விழா, கோயில் விழா, கல்யாண ஊர்வலம் என்று நிகழ்ச்சிகள் வரும். மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல், மே விடுமுறைப் பயிற்சி முகாம். அந்த இரண்டு மாதப் பணத்தில் ஒரு பகுதியை ஐப்பசி, கார்த்திகைக்கு ஒதுக்கி வைக்காத வாத்தியார் தீபாவளிக்குக் கடன் வாங்குவார். மழைக்காலத்துக்கு ஒரு கூரையைக் கோடையிலேயே பேசி வையுங்கள்: பள்ளி வராந்தா, குடியிருப்பின் வாகன நிறுத்துமிடம், சின்னக் கல்யாண மண்டபம். கூரை தாழ்ந்த இடத்தில் நெடுங்கம்பு ஆகாது. அந்த மாதங்களில் காலடி, குத்துவரிசை, குட்டைக்கம்பு.

எந்தத் தடத்தில் ஓடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு என்று ரயில் பாதையை ஒட்டிப் போகலாம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடற்கரைச் சாலையை ஒட்டிப் போகலாம். கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் கணினி நிறுவனக் குடும்பங்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். தினமும் இரண்டு பக்கமும் ஓடினால் மாலை நேரத்து ஒரு வகுப்பு சாலையிலேயே கரைந்துபோகும்.

இந்தக் கணக்கில் மிக முக்கியமான ஆள் யார் தெரியுமா? மூன்றாம் வருட மாணவர். ஜூனில் சேர்கிறவர்களில் ஒரு பகுதி தீபாவளிக்குள் நின்றுவிடும். எந்த ஊரிலும் எந்தக் கலையிலும் இதுதான் நடப்பு. ஒரு வருடம் தாண்டிய பிள்ளை பெரும்பாலும் நிற்கும். அதன் வீட்டில் கட்டணம் நேரத்துக்கு வரும், தங்கையும் பக்கத்து வீட்டுப் பையனும் பின்னால் வருவார்கள், புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் நின்று காலடி போட்டுக் காட்ட அதுவே போதும். மாதத்துக்கு ஐந்து புதிய பிள்ளைகளைத் தேடி நோட்டீஸ் ஒட்டுவதைவிட, இருக்கிற ஐந்து பிள்ளைகள் நிற்காமல் பார்த்துக்கொள்வது வருமானத்துக்கு நல்லது. இரண்டு வகுப்பு தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே பேசுங்கள். முதல் நாளே கம்பைக் கையில் கொடுங்கள். மூன்று மாதம் காலடி மட்டும் என்ற பழைய ஒழுங்கில் நியாயம் உண்டு, ஆனால் எட்டு வயதுப் பிள்ளை கம்புக்காகத்தான் வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரைத் திடலுக்கு வரச்சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் கற்றதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். தன் மகள் கம்பைக் கை மாற்றும்போது கண் எதிரியை விட்டு நகரவில்லை என்பதை ஒரு அப்பா நேரில் பார்த்துவிட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

சான்றிதழ் என்னும் சிக்கல்

கடந்த சில ஆண்டுகளில் சிலம்பத்துக்கு அரசின் பார்வை திரும்பியிருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. இதனால் வகுப்புக்கு வரும் கூட்டம் கூடியது. கூடவே சேர்க்கை நாளிலேயே ஒரு கேள்வியும் வந்துவிட்டது: “மாஸ்டர், சர்டிஃபிகேட் எப்ப குடுப்பீங்க?”

இந்தக் கேள்வியை வைத்துப் பணம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பானை மேல் நின்று ஒரு மணி நேரம், ஆணிப் பலகை மேல் நின்று அரை மணி நேரம், கண்ணைக் கட்டிக்கொண்டு இவ்வளவு நேரம் என்று ‘உலக சாதனை’ நிகழ்ச்சி நடத்தி, தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வாங்கிக்கொண்டு பதக்கமும் சட்டமிட்ட தாளும் கொடுப்பது. நிகழ்ச்சி நடத்தித் தருகிறவர் வாத்தியாருக்கும் பங்கு தருவார். தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையை வெயிலில் ஒரே வீச்சை மணிக்கணக்கில் செய்யவைப்பது அதன் தோள்பட்டைக்குக் கேடு. அந்தத் தாளுக்கு அரசு வேலை ஒதுக்கீட்டில் மதிப்பு இல்லை என்பது பெற்றோருக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது அவர்கள் உங்களைத்தான் நினைப்பார்கள். தாள் கிடைத்த அடுத்த மாதமே பிள்ளையும் வகுப்பை விட்டுவிடும். வர வேண்டியது வந்துவிட்டது என்று அது நினைக்கிறது, அதில் தப்பில்லை. ஒரு நாள் பங்குப் பணத்துக்காக மூன்று வருட மாணவரை இழப்பது தொழில் கணக்காகப் பார்த்தாலும் நட்டம்.

சிலம்பத்தில் சங்கங்கள் பல. கராத்தேயில் அதைவிட அதிகம். இணைப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் செங்கல்பட்டு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்துக்குப் போய், எந்தச் சங்கம் நடத்தும் எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பெற்றோருக்கு அப்படியே சொல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகளிலும் சிலம்பம் உண்டு. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வழியாகப் பிள்ளையை அங்கே அனுப்புவதற்குச் செலவு அதிகமில்லை, பலன் அதிகம்.

உங்கள் சொந்தச் சான்றிதழ் வேறு விஷயம். இளைஞராக இருந்தால் உடற்கல்விப் பட்டம் படியுங்கள். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்திலேயே, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. 1920இல் தொடங்கி இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ரயிலில் போய்வரும் தூரம். பகலில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை, மாலையில் சிலம்பம் என்பதே இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து மிக உறுதியான ஏற்பாடு. ஆசானிடம் கற்றது கையில் இருக்கிறது. வளரும் எலும்பு எவ்வளவு சுமை தாங்கும், வெயில் மயக்கம் வந்தவரை என்ன செய்வது என்பதைக் கல்லூரி சொல்லித்தரும்.

பள்ளிகளின் பகுதிநேர வேலை

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு, ராணி லட்சுமிபாய் பெயரிலான தற்காப்புப் பயிற்சி உண்டு. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 மாதத்துக்கு அதில் நிதி ஒதுக்கப்படுகிறது. தொகை சிறியது, தாமதமாகவும் வரலாம். 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான மத்திய நிதி 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல் நின்றது. மேலே பணம் நின்றால் கடைசி வரிசையில் நிற்கும் பகுதிநேரப் பயிற்சியாளருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதை வைத்து வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளாக மட்டும் எடுங்கள், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வாங்குங்கள்.

ஆனால் கிடைத்தால் விடாதீர்கள். மூன்று மாதத்தில் சிலம்பம் முழுவதும் சொல்லித்தர முடியாது, முயலவும் வேண்டாம். உரக்கக் கத்துவது, பிடித்த கையை விடுவித்துக்கொள்வது, கூட்டமான பேருந்தில் எப்படி நிற்பது, வீட்டில் யாரிடம் சொல்வது. இதுதான் அந்தப் பெண்களுக்கு நாளைக்கே உதவும். இங்கே பெண் பயிற்சியாளருக்கு இருக்கும் தேவையைச் சொல்லி மாளாது. பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் “லேடி மாஸ்டர் இருக்காங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் மூத்த மாணவிகளில் ஒருவரைப் பயிற்சியாளராக்குங்கள்.

மாமல்லபுரத்துப் பயணிகள்

2021-22இல், கட்டணம் வாங்கும் மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் மாமல்லபுரம்: சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு அந்த ஆண்டு வந்தவர்கள் 39,000 பேர்கூட இல்லை. கொரோனா ஆண்டு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனாலும் மாணவர்களாகக்கூடிய இப்படியொரு கூட்டம் கடலோரத்தில் வந்துபோகிறது. தாய்லாந்து இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்று பாருங்கள்: 2024இல் அறிமுகப்படுத்திய நீண்டகால விசாவில், முவே தாய் கற்க வருகிறவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வணக்கம், இரண்டு காலடி, ஒரு வீச்சு, கடைசியில் நீங்கள் சுற்றிக் காட்டுவது. வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். விடுதி வரவேற்பறையும் சுற்றுலா வழிகாட்டியும் தரகு கேட்பார்கள். எத்தனை சதவீதம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் வளாகங்கள் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அனுமதியில்லாமல் அங்கே கம்பு சுற்றாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். விடுதிக் கடற்கரையில் இரவு தீப்பந்தம் சுற்றக் கேட்டால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மறுத்துவிடுங்கள். பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும் காலம் அது. வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பும். வெளிநாட்டு மாணவரை உங்கள் வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழி தெரிவிக்க வேண்டும்.

பயணிகள் தவறாமல் கேட்பது: “குங்ஃபூ இங்கிருந்துதானே போனது?” 2011இல் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்தபின் நம்மவர்களும் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். உண்மை இவ்வளவுதான்: குங்ஃபூவைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் போதிதருமர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பது மரபுக் கதை. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகத்தார் என்கிறது. அவரைச் சண்டைப் பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதை இப்படியே சொல்லுங்கள். சிலம்பத்துக்குச் சொந்தமாகவே போதுமான பெருமை இருக்கிறது, கடன் வாங்கிய கதை அதற்குத் தேவையில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பு

காலடியைத் திருத்த, மணிக்கட்டைத் திருப்ப, முதுகை நிமிர்த்த நாம் பிள்ளைகளைத் தொடுகிறோம். தொடுமுன் சொல்லுங்கள்: “கையைத் திருப்பப் போறேன், சரியா?” கம்பு நுனியால் சுட்டிக்காட்டித் திருத்த முடிந்தால் அதுவே மேல். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பெண்பிள்ளைகளோடு ஒரு தாயாராவது, பெண் பயிற்சியாளராவது வரவேண்டும். நள்ளிரவு வாட்ஸ்அப் செய்தி பிள்ளைகளுக்குப் போகக் கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். பெற்றோர் எந்த வகுப்பையும் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதைச் சேர்க்கைத் தாளில் எழுதுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். செய்தவர் உங்கள் சக வாத்தியாராகவோ உங்கள் ஆசானாகவோ இருந்தாலும் அப்படித்தான். கலையின் மானம் போய்விடும் என்று மறைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ வகுப்புச் சுவரில் எழுதிவையுங்கள்.

வாள், சுருள்வாள், மான்கொம்பு சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான அலகு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முனை மழுங்கியதை மட்டும் கொடுங்கள். தொடுமுறைக்குத் தலைக்கவசம் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

உங்கள் பங்கு

வாத்தியாரின் முழங்கால் போய்விட்டால் வருமானமும் போய்விடும். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் எந்த வங்கியிலும் கிடைக்கின்றன. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சிலம்பாட்டக் கலைஞராகப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தொடும்வரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவையில்லை. ஆனால் வரவு செலவு நோட்டு முதல் மாதத்திலிருந்தே வேண்டும்; நாளைக்கு வங்கிக் கடன் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

உதவிப் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். “நம்ம பையன்தானே” என்று மூன்று வருடம் சும்மா வேலை வாங்கினால், அவர் ஒருநாள் பாதி மாணவர்களோடு அடுத்த தெருவில் வகுப்பு தொடங்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. சேரும்போதே பேசிவிடுங்கள்: இரண்டு வருடம் இங்கே சம்பளத்துக்கு, பிறகு மதுராந்தகத்திலோ செய்யூரிலோ தனி வகுப்பு, முதல் ஆறு மாதத்துக்குக் கம்புகளும் போட்டிப் பதிவும் உங்கள் பெயரில், பெண்பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டால் இருவரும் மாற்றி அனுப்பிக்கொள்வது. இதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.